சொந்தத்தில் கட்டியதால் அல்ல

சித்ரகலாவுக்கு நல்ல செய்தி சொல்லத்தான் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனில் பேசிய நித்யஸ்ரீ அப்படித்தான் சொன்னாள். "ரெண்டு பேரும் வந்துருங்கக்கா. நேர்ல காட்டோணும். நல்ல செய்திதானுங்க."

நித்யஸ்ரீ அங்கே ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்ப்பவள். தாராபுரம் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். ஏழு மாதத்துக்கு முன்பு சித்ரகலாவின் மகள் தமிழ்மதியின் தொடையிலிருந்து பட்டாணி அளவுக்குத் தோலும் சதையும் எடுத்தபோது, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

தமிழ்மதிக்குப் பதின்மூன்று வயது. மூன்று வயது வரை திருப்பூர் வேலம்பாளையத்துச் சந்துகளில் ஓடித் திரிந்த பிள்ளை. அதற்குப் பிறகு கால்களின் தோல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. தொட்டால் பலகையைத் தொடுவது போலிருக்கும். முழங்கால்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன. இப்போது எட்டாவது படிக்கிறாள். வகுப்பு வாசல் வரை அப்பா செல்வக்குமார் வண்டியில் கொண்டுபோய் விட்டால், அங்கிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போவாள்.

நித்யஸ்ரீ கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்தாள். நகத்துண்டு போன்ற ஒரு வடிவம், முழுக்க ஆயிரக்கணக்கான புள்ளிகள். பெரும்பாலும் நீலம். நடுவில் ஓர் ஓரமாக, வரப்பு போல ஒரு சிவப்புப் பட்டை.

"இது பாப்பாவோட தொடையில எடுத்த துண்டுதானுங்க. உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே ஜீனுகதான் இருக்கும். கண்ணுல இருக்கறதேதான் கால்லயும். ஆனா எல்லாமே எல்லா இடத்துலயும் வேலை செய்யாது. சிலது முழிச்சிருக்கும், சிலது தூங்கும். எந்த எடத்துல எது முழிச்சிருக்குதுன்னு ஒவ்வொரு புள்ளியா பாத்து இப்படிப் படமா போட்டிருக்கோம். இந்தச் சிவப்பு இருக்குது பாருங்க, இது தோலுக்கு அடியில இருக்கற சவ்வு. இங்க மட்டும் நோய் எதிர்ப்பு செல்லுக வந்து குவிஞ்சு கெடக்குது. கிருமியே இல்லாம கிருமி வந்துட்டாப்பல சண்டை போடுது. அந்தச் சண்டைக்கான ஜீனுக இங்க ஓயாம வேலை செய்யுது. ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் பாத்தா, ஒண்ணுமே இல்ல."

"இதை நிறுத்த முடியுங்களா?" என்றான் செல்வக்குமார். அவன் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அதிகம் பேசாதவன்.

"இப்படிப்பட்ட சண்டையை அடக்கற மாத்திரை ஒண்ணு ஏற்கெனவே இருக்குதுங்க. மூட்டுவாதத்துக்குக் குடுக்கறது. பாப்பாவுக்கு ஆரம்பிக்கலாம்னு டாக்டருக முடிவு பண்ணீட்டாங்க. எந்த மாத்திரைன்னு இந்தப் படத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்க முடிஞ்சுது."

செல்வக்குமார் இரண்டு கைகளையும் கூப்பினான். கண்ணீர் மீசையில் இறங்கியது. சித்ரகலா கும்பிடவில்லை. அவள் சிவப்புப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது ஜீன் நோய் இல்லீங்களா?"

"பரம்பரையா வர்ற நோயான்னு கேக்கறீங்களா? இல்லீங்க்கா. உங்க மூணு பேரு ரத்தத்தையும் முழுசா பாத்தோம். இதைக் கொண்டுவர்ற மாதிரி கோளாறு உங்ககிட்டயும் இல்ல, அண்ணன்கிட்டயும் இல்ல, பாப்பாகிட்டயும் இல்ல. ஜீன் கெட்டுப் போகல. நல்ல ஜீனு, தப்பான எடத்துல ஓயாம ஓடுது. அவ்வளவுதான்."

"சொந்தத்துல கட்டினதால வரல?"

"சொந்தத்துல கட்டினா சில நோய் வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்ங்கறது நெசந்தானுங்க. ஆனா இது அது இல்ல."

சித்ரகலா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். பிறகு கேட்டாள். "எனக்கு ரெண்டாவது ஒரு கொழந்தை பொறந்திருந்தா, அதுக்கும் வந்திருக்குமா?"

"வர்றதுக்குக் காரணமே இல்லீங்க்கா. ஊருல மத்த கொழந்தைகளுக்கு எவ்வளவு வாய்ப்போ, அதுக்கும் அவ்வளவேதான். லட்சத்துல ஒண்ணு கூடக் கெடையாது." நித்யஸ்ரீ சிரித்த முகத்தோடு சொன்னாள். "நீங்க இனிமே அதை நெனச்சுப் பயப்படவே வேண்டாம்."

சித்ரகலா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை அவள் எடுத்து வைக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

"என்னாச்சுங்கண்ணா? நான் ஏதாவது தப்பா சொல்லீட்டனா?" என்றாள் நித்யஸ்ரீ.

செல்வக்குமார் தரையைப் பார்த்தபடி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலச் சொன்னான். "ஒண்ணு இருந்துச்சுங்க. நாலரை மாசம். கலைச்சுப்போட்டோம்."

அது நடந்து ஒன்பது வருடமாகிறது. தமிழ்மதிக்கு அப்போது நான்கு வயது. சித்ரகலா செல்வக்குமாருக்குத் தாய்மாமன் மகள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராயபுரத்தில் இருந்த குழந்தை வைத்தியர் தரணீதரனிடம் போனார்கள். திருப்பூரில் பாதிப் பேர் அவரிடம்தான் போவார்கள். கைராசிக்காரர் என்று பெயர். அவர் பிள்ளையின் காலை ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்று கேட்டார். அத்தை மகன் என்று சித்ரகலா சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்பறம் என்ன கண்ணு, வேற காரணம் தேடோணுமா? ஜீன்ல வந்த கோளாறு. இதுக்கு மருந்து கெடையாது. வயித்துல எத்தனை மாசம்?"

"நாலு முடிஞ்சிருச்சுங்க."

"அதும் இப்படித்தான் வரும். ஒருக்கா பண்ணின தப்பை மறுக்காவும் பண்ணாதீங்க. ரெண்டு மொடக்குப் புள்ளைகளை வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க?"

நாலு நாள் சித்ரகலா அழுதாள். செல்வக்குமார் அழவில்லை, சாப்பிடவும் இல்லை. அந்த நாலு நாளுக்கும் முந்தின வாரம்தான் வயிற்றுக்குள் மீன் புரள்வது போல முதல் அசைவை அவள் உணர்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் அதே ஆஸ்பத்திரியில், மாடியில் இருந்த பிரசவப் பிரிவில் எல்லாம் முடிந்தது. கூடவே குடும்பக் கட்டுப்பாடும் செய்துவிட்டார்கள். அதுவும் தரணீதரன் சொன்ன யோசனைதான். ஆணா பெண்ணா என்று அவள் கேட்டதற்கு நர்ஸ் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு சொந்தபந்தத்தில் அவர்கள் ஓர் உதாரணமாகிவிட்டார்கள். மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் பேச்சு எழுந்தால், "செல்வன் கலா கதையைப் பாத்துமா?" என்பார்கள். வளைகாப்புகளுக்கு அவளை யாரும் கூப்பிடுவதில்லை. அவளும் போனதில்லை. தன் ரத்தத்தில்தான் விஷம் என்று ஒன்பது வருடமாக நம்பினாள். அவள் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று நாளைக்குத் தொள்ளாயிரம் பீஸ் புரட்டிப் பார்த்து, கோளாறு கண்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவாள். கண் தப்பாது என்று சூப்பர்வைசர் சீனிச்சாமியே சொல்வார். அப்படிப்பட்டவள் தன் விஷயத்தில் ஒரு டாக்டர் வாயால் சொன்னதை, புரட்டிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்வக்குமார் சொன்னான். "உடு கலா. புள்ளைக்கு மருந்து கெடச்சிருச்சுல்ல. அதை நெனச்சுக்கோ."

"அந்தப் பொண்ணு வெளிய வந்து கடைசியா என்ன சொன்னா, கேட்டீங்களா? சீக்கிரம் வந்திருந்தா வலது முட்டியையும் காப்பாத்தி இருக்கலாம்னாளா இல்லையா? இப்ப இடது காலு வேணும்னா நீளுமாம். வலது இனி அவ்வளவுதானாம். ஒரு துண்டுத் தோலை எடுத்துப் பாக்கறதுக்கு ஒம்பது வருஷம். என்னத்த உடறது மாமா?"

"நடந்தது நடந்துபோச்சு."

"நடக்கல. பண்ணினாங்க."

முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். சித்ரகலா அவரையும் முறைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்கு மேலிருந்த பழைய ஃபைலை இறக்கினாள். முதல் தாளில் தரணீதரனின் கையெழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஜெனெடிக் என்ற சொல்லை மட்டும் அவளால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. கீழே கருக்கலைப்புக்கான தாள். இரண்டையும் போட்டோ எடுத்து நித்யஸ்ரீக்கு அனுப்பி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நித்யஸ்ரீ போன் பண்ணினாள். குரல் இறங்கியிருந்தது.

"முதல் தாள்ல ஜீன் நோய், சொந்தத்துல கல்யாணம்னு எழுதியிருக்கார். கேள்விக்குறி கூடப் போடல. எந்த டெஸ்ட்டும் எழுதல."

"அந்த இன்னொண்ணு?"

"அது... பெற்றோரின் சொந்த விருப்பத்தின் பேரில்னு போட்டிருக்குதுங்க்கா."

சித்ரகலா போனை வைத்துவிட்டுக் கணவனிடம் திரும்பினாள். "சொந்த விருப்பமாம். நம்ம விருப்பமாம். கேட்டுக்கங்க. படிக்காம கையெழுத்துப் போட்டீங்கல்ல?"

"நீயுந்தான் போட்ட." செல்வக்குமார் அவளிடம் இப்படிக் குரலை உயர்த்தியதே இல்லை. "அத்தனை பெரிய டாக்டர் சொல்றப்ப நான் என்ன எதுத்துப் பேசறது? பனியன் வெட்டறவன் நான். உனக்கு மட்டுந்தான் வவுறு எரியுதா? நாலு நாள் நான் அந்தத் தறிகெட்ட கட்டிங் மிஷின் முன்னால நின்னு, என்ற வெரலை வெட்டிக்கலாமான்னு பாத்துட்டு நின்னேன். உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. ஒன்பது வருடத்தில் அவன் ஒருமுறையும் சொன்னதில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அடுத்த அறையில் தமிழ்மதி பாடம் படிக்கும் சத்தம் கேட்டது. இருவரும் அடங்கினார்கள்.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு சித்ரகலா ராயபுரம் போனாள். பழைய இரண்டு மாடிக் கட்டடம் இப்போது ஐந்து மாடி. கீழே டோக்கன் கொடுக்கும் பெண், "கொழந்தை எங்கீங்க?" என்று கேட்டாள். "கொழந்தைக்கு இல்ல, டாக்டருக்குத்தான்" என்றாள் சித்ரகலா. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. முப்பத்தாறாம் நம்பர் டோக்கனைக் கொடுத்தாள்.

உட்கார இடமில்லை. ஊசி போடும் அறைக்குப் போகும் வழியில் சுவரோரமாக நின்றாள். எதிர்ச்சுவரில் ஆள் உயர ஃப்ளெக்ஸ் ஒன்று. 'நெருங்கிய உறவில் திருமணம் வேண்டாம்' என்று மேலே கொட்டை எழுத்து. நடுவில் ஒரு குழந்தையின் இரண்டு கால்கள். இடுப்புக்கு மேலே படம் இல்லை. முட்டி மடங்கி, தோல் பளபளத்து இறுகிய கால்கள். கீழே சிவப்பில், 'இதுதான் விளைவு. ஒரு தவறு, ஒரு வாழ்க்கை.'

அவள் முதலில் எழுத்தைத்தான் படித்தாள். பிறகுதான் அந்தக் கால்களைப் பார்த்தாள். இடது கணுக்காலுக்கு மேலே கட்டைவிரல் அளவு கருப்பு மச்சம். பக்கத்தில் பிள்ளையை அசையாமல் பிடித்திருக்கும் ஒரு பெண்ணின் கை. அந்தக் கையில் பச்சைக் கண்ணாடி வளையல், பெருவிரலில் தையல் மிஷின் ஊசி ஏறிய தழும்பு. சித்ரகலா தன் வலது பெருவிரலைத் தூக்கிப் பார்த்தாள். தழும்பு இருந்தது.

அன்றைக்குத் தரணீதரன் போன் எடுத்து, "ஃபைலுக்கு ஒரு போட்டோ" என்றது ஞாபகம் வந்தது. 

அவள் டோக்கன் நம்பர் வரும்வரை நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தரணீதரனுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. காய்ச்சல்காரக் குழந்தை ஒன்றின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்திருந்தார். அதை முடித்து, மாத்திரை எழுதி, அந்தத் தாயை அனுப்பும் வரை சித்ரகலா நின்றாள். காய்ச்சல் பிள்ளையிடம் அவளுக்கு என்ன கோபம்?

"என்னம்மா, வரிசையில வரக்கூடாதா?"

"என்னைத் தெரியுதுங்களா?"

"நாளைக்கு நூறு பேரைப் பாக்கறேன் கண்ணு."

அவள் பழைய ஃபைலையும் கோயம்புத்தூரில் கொடுத்த புதிய ரிப்போர்ட்டையும் மேஜைமேல் வைத்தாள். அவர் பழையதைப் புரட்டினார், தலையாட்டினார். புதியதில் முதல் பக்கத்தைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிரித்தார்.

"பாரு, நான் அன்னைக்கே சொன்னதுதான். இங்கயும் ஜீன்னுதான் போட்டிருக்குது. ஜீன் எக்ஸ்ப்ரெஷன். நல்ல காலம், நான் சொன்னதைக் கேட்டு அடுத்ததைத் தடுத்துட்டீங்க."

சித்ரகலா ரிப்போர்ட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"ஜீன்னு ஒரு வார்த்தையைப் பாத்ததும் போதுங்களா? மேற்கொண்டு படிக்க மாட்டீங்களா? மூணாவது பக்கத்தைத் திருப்புங்க. ஜீனு இருக்கறது வேற, அது வேலை செய்யறது வேற. எந்த எடத்துல எது வேலை செய்யுதுன்னு பாத்திருக்காங்க. பரம்பரை இல்லைன்னு எழுதியிருக்குது. என்ற ரத்தமும் அவரு ரத்தமும் சுத்தமா இருக்குதுன்னு எழுதியிருக்குது. எடுத்துச் சொன்னா பத்தாவது படிச்ச எனக்கே வெளங்குது, உங்களுக்குப் படிச்சும் வெளங்கலீங்களா?"

அவர் மூன்றாவது பக்கத்தைத் திருப்பினார். இந்த முறை மெதுவாகப் படித்தார். சிரிப்பு போயிருந்தது.

"இதெல்லாம் இப்ப வந்த டெக்னாலஜிம்மா. அன்னைக்கு இது ஏது?"

"ஒரு துண்டுத் தோலை எடுத்து மைக்ரோஸ்கோப்புல பாக்கறது அன்னைக்கும் இருந்துச்சாமுங்க. கோயம்புத்தூர்ல கேட்டுட்டுத்தான் வந்தேன். எழுதிக் குடுத்தீங்களா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொன்னீங்களா? எனக்குத் தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக்கூட, என்ற கொழந்தை இன்னைக்கு மூணாவது படிச்சிட்டிருக்கும்."

"உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"தெரியாம எப்படீங்க நல்லது சொல்லுவீங்க?"

அவர் மேஜை மணியை அழுத்தினார். அவள் நகரவில்லை.

"எனக்கு ரெண்டு வேணும். இந்தப் பழைய தாள்ல, 'நான் சொன்னது தப்பு'ன்னு உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடோணும். வெளிய மாட்டியிருக்கற படத்தை எடுக்கோணும். அது என்ற புள்ளையோட காலு."

"முகம் இல்லையேம்மா. யாருக்குத் தெரியப் போகுது? ஊருக்கு நல்லது சொல்ற போர்டு அது. எத்தனையோ பேரு அதைப் பாத்துட்டு யோசிச்சிருக்காங்க."

"எங்க மகளைக் காட்டி யோசிக்க வெச்சீங்களா?"

"செக்யூரிட்டியைக் கூப்பிடு" என்று உள்ளே வந்த நர்ஸிடம் சொன்னார் தரணீதரன்.

சித்ரகலா ஃபைலை எடுத்துக்கொண்டு அவளாகவே வெளியே வந்தாள். நேராக ஃப்ளெக்ஸ் முன்னால் போய் நின்றாள். அதை நான்கு மூலையிலும் ஆணியடித்து மரச்சட்டத்தில் இறுக்கியிருந்தார்கள். ஒரு மூலையில் விரலை விட்டு இழுத்தாள். நகம் பிய்ந்தது. மறுபடி இழுத்தாள். ஆணி பெயர்ந்து வந்தது. செக்யூரிட்டி வயதானவர். "அம்மா, அம்மா" என்று சொன்னாரே தவிர அவள் மேல் கை வைக்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவன் போனில் படம் பிடித்தான்.

"இந்தக் காலு என்ற மகளுது" என்று சித்ரகலா கத்தினாள். "சொந்தத்துல கட்டினதால வரல. டெஸ்ட்டே எடுக்காம இந்த டாக்டரு சொன்னாரு. அதை நம்பி வவுத்துல இருந்ததைக் கொன்னுட்டேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது சொன்னா, எந்த டெஸ்ட்டை வெச்சுச் சொல்றீங்கன்னு கேளுங்க. பேப்பர்ல காட்டச் சொல்லுங்க."

ஃப்ளெக்ஸ் சட்டத்தோடு சரிந்து விழுந்தது. அவள் துணியைச் சட்டத்திலிருந்து உரித்து, நாலாக மடித்து, அக்குளில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. யாரும் தடுக்கவில்லை.

அந்த வீடியோ அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. 'ராயபுரம் ஆஸ்பத்திரியில் பெண் ரகளை' என்று யாரோ தலைப்பு வைத்திருந்தார்கள். சித்ரகலா வேலை முடிந்து வந்தபோது, தமிழ்மதி கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வக்குமார் வாசலில் நின்றிருந்தான், உள்ளே போகத் தைரியமில்லாதவன் போல.

"எனக்குத் தம்பியோ தங்கச்சியோ இருந்துச்சா?" என்றாள் தமிழ்மதி.

சித்ரகலா பக்கத்தில் உட்கார்ந்தாள். பொய் சொல்ல எவ்வளவோ நேரம் இருந்தது. ஆனால் அவள் வாயில் பொய் எதுவும் வரவில்லை. "இருந்துச்சு கண்ணு. பொறக்கறதுக்கு முன்னாடியே எடுத்துப்போட்டோம்."

"என்னை மாதிரி ஆயிரும்னா?"

"ஆமா."

"என்னை மாதிரி இருந்தா என்ன?" தமிழ்மதியின் குரல் உடைந்தது. "நான் இருக்கேன்ல? நான் படிக்கறேன்ல? என்னை மாதிரி இன்னொண்ணு இருக்கக்கூடாதுன்னு நெனச்சீங்களா?"

இதைச் சித்ரகலா எதிர்பார்க்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"நெனச்சோம்" என்றாள் கடைசியில். "தப்புத்தான். பயந்துட்டோம். அந்தாளு பயமுறுத்தினான், நாங்க பயந்தோம். உன்ற மேல தப்பு ஒண்ணுமில்ல சாமி. எங்க மேல இருக்குது."

தமிழ்மதி அம்மாவின் கையைத் தள்ளிவிட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, "அந்த போர்டை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். சித்ரகலா காட்டினாள். தன் நாலு வயதுக் கால்களைத் தமிழ்மதி வெகுநேரம் பார்த்தாள். "என்னைக் கேக்கவே இல்ல" என்றாள். "என்ற காலை ஊருக்கே காட்டியிருக்காங்க, என்னைக் கேக்கவே இல்ல. புகார் குடுங்கம்மா."

டாக்டர்கள் மேல் வரும் புகாரை விசாரிக்க ஓர் இடம் இருக்கிறது, சென்னைக்கு எழுத வேண்டும் என்று நித்யஸ்ரீ சொன்னாள். அதோடு நிற்கவில்லை. தமிழ்மதியைப் பார்த்துவரும் டாக்டரிடம் பேசி, நோய் பரம்பரையானதல்ல என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் கடிதம் வாங்கிக் கொடுத்தாள். "எங்க மேலதிகாரிக்கு இதுல இஷ்டம் இல்லீங்க்கா. ஆராய்ச்சியோட நில்லுன்னாரு. இருந்தாலும் வாங்கீட்டேன்" என்றாள். பிறகு தயங்கி, "அன்னைக்கு நான் சிரிச்சுட்டே சொன்னேன். மன்னிச்சுக்கங்க" என்றாள். 

"உன்ற மேல கோவமில்ல கண்ணு. நீ ஒருத்திதான் பாத்துட்டுப் பேசினவ" என்றாள் சித்ரகலா.

புகாரைச் செல்வக்குமார்தான் எழுதினான். வெட்டும் மேஜையில் அளவு குறிப்பது போல நறுக்கென்ற எழுத்து. நான்கு பக்கம். எழுதும்போது இரண்டு முறை எழுந்து வெளியே போய்விட்டு வந்தான்.

விசாரணைக்கு இரண்டு முறை சென்னை போனார்கள். ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட ஆவணங்களை அழித்துவிட்டதாகத் தரணீதரனின் வக்கீல் சொன்னார். சித்ரகலா தன் ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தாள். "எங்ககிட்ட அழியலீங்க" என்றாள். தரணீதரன் அவள் பக்கம் பார்க்கவே இல்லை.

இதற்கிடையில் மாத்திரை ஆரம்பித்து நான்கு மாதமாகியிருந்தது. தமிழ்மதியின் இடது தொடையை இப்போது கிள்ள முடிந்தது. தோல் இரண்டு விரலுக்கிடையில் எழும்பி வந்ததைப் பார்த்து அன்றைக்கு மூன்று பேரும் மாறி மாறிக் கிள்ளிப் பார்த்தார்கள். "வலிக்குது, உடுங்க" என்று தமிழ்மதி கத்தும் வரை கிள்ளினார்கள். இடது கால் ஏறக்குறைய நேராகிவிட்டது. வலது முட்டி நித்யஸ்ரீ சொன்னபடியேதான் இருந்தது. ஊன்றுகோல் வைத்து வகுப்புக்குத் தனியாக நடந்து போகிறாள்.

தை மாதம் முடிவு வந்தது. தமிழ்மதியே கவரைப் பிரித்துப் படித்தாள். அனுமதியில்லாமல் நோயாளியின் படத்தைக் காட்சிக்கு வைத்ததற்காக டாக்டர் தரணீதரனுக்கு எச்சரிக்கை. கருக்கலைப்பைப் பொறுத்தவரை, பெற்றோரின் சொந்த விருப்பத்தின் பேரில் என்று கையெழுத்து இருப்பதாலும், டாக்டர் வாய்மொழியாகச் சொன்னதாகக் கூறப்படுவதற்குச் சான்று இல்லாததாலும், மேல்நடவடிக்கை தேவையில்லை.

"அப்ப போட்டோவுக்கு மட்டுந்தானா?" என்றாள் தமிழ்மதி. "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையா?"

செல்வக்குமார் கடிதத்தை வாங்கி இன்னொரு தரம் படித்தான். கடைசி வரியில் விரலை வைத்தான். "அறுபது நாளைக்குள்ள அப்பீல் பண்ணலாம்னு போட்டிருக்குது."

சித்ரகலாவுக்குள் ஏதோ குளிர்ந்துவிடும் என்று அவளே நினைத்திருந்தாள். ஒரு தாள் வந்தால், யாராவது ஒருவர் தப்புத்தான் என்று எழுதினால், ராத்திரி தூக்கம் வரும் என்று. இப்போது அப்படித் தோன்றவில்லை. கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அது முன்பு போல அவள் ரத்தத்தின் மேலோ, அவள் கட்டியவன் மேலோ இல்லை. எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது.

அடுத்த நாள் கம்பெனியில் டீ பிரேக் முடிந்ததும் சீனிச்சாமியிடம் போய் நின்றாள்.

"வெள்ளிக்கிழமை லீவு வேணுங்க."

"மறுபடியுமாம்மா? ஷிப்மெண்ட் நேரம். அந்த டாக்டர் விசயம் முடிஞ்சுபோச்சுன்னு செல்வன் சொன்னாப்பல?"

"முடியலீங்க" என்றாள் சித்ரகலா. "வக்கீலைப் பாக்கப் போறோம். மூணு பேருமே போறோம்."

சீனிச்சாமி அவள் முகத்தைப் பார்த்தார். லீவு நோட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்.